சிப்காட்டா, ஸ்ரீசிட்டியா, சென்னையா: வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் போட வேண்டிய கணக்கு

பொன்னேரியிலிருந்து ஆரம்பாக்கம் வரை ரயில் பாதையை ஒட்டி இருப்பவர்களுக்கு வேலை மூன்று பக்கமிருந்து வருகிறது. பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. ஆந்திர எல்லை தாண்டினால் தடா, ஸ்ரீசிட்டி தொழில் நகரம். தெற்கே சென்னை. சம்பளமும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் ஏறும். வீட்டில் கேட்கும் முதல் கேள்வி ‘எவ்வளவு தர்றாங்க?’ என்பதாக இருப்பதால், கூடுதல் எண் இருக்கும் கடிதமே ஜெயித்துவிடுகிறது. ஆனால் பார்க்க வேண்டிய எண் வேறு. வீட்டு வாசலைத் தாண்டியது முதல் திரும்ப வாசலை மிதிக்கும் வரை ஆகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கையில் எத்தனை ரூபாய் நிற்கிறது? அதைக் கண்டுபிடிக்க ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும்.

சி.டி.சி.யை உடைப்பது

கடிதத்தில் ஆண்டுக்கு 3,24,000 என்று இருந்தால் மாதம் 27,000 வரும் என்று எண்ணிவிட வேண்டாம். சி.டி.சி. என்பது உங்களால் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து 13,000 என்று வைத்துக்கொண்டால் அதற்குள் ஒளிந்திருப்பவை இவை: கம்பெனி கட்டும் 12 சதவீத பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,560; பி.எஃப். நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சுமார் 1 சதவீதம், 130; பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 4.81 சதவீதம், 625. ஆண்டு போனஸின் மாதப் பங்கு 8.33 சதவீதம், 1,083. பஸ், கேண்டீன், குழுக் காப்பீடு என்று ஒரு 1,100. இவற்றைக் கழித்தால் மொத்தச் சம்பளமே 22,500தான். அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,560, தொழில் வரி 200 போனால் வங்கிக்கு வருவது 20,740.

பி.எஃப். எங்கும் போய்விடாது, உங்கள் பணம்தான். பணிக்கொடை அப்படியல்ல. நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டு சேவை முடிந்தால்தான் அது கிடைக்கும். இரண்டு மூன்று ஆண்டில் மாறிவிடும் எண்ணம் இருந்தால் அந்த 625ஐக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ‘அட்டெண்டன்ஸ் போனஸ்’, ‘புரொடக்‌ஷன் இன்சென்டிவ்’ போன்றவற்றைப் பாதிக்கு மேல் நம்ப வேண்டாம். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலே அந்த மாத அட்டெண்டன்ஸ் தொகை முழுவதும் போகிற இடங்கள் உண்டு.

அடிப்படைச் சம்பளம் மிகக் குறைவாகவும் ‘இதர படி’ பெரிதாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டும் தொகையும் ஊதியமாகவே கணக்கிடப்படும். பழைய அச்சிலேயே கடிதம் தருகிறார்களா என்று எச்.ஆர்.ரிடம் கேளுங்கள். பின்னால் சம்பளத்தைப் பிரிக்கும் விதத்தை மாற்றினால் கையில் வரும் தொகை குறையக்கூடும்.

மூன்று வேலை, ஒரே தராசு

கவரைப்பேட்டையில் குடியிருக்கும் ஒருவருக்கு மூன்று கடிதம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் மாதம் 26 வேலைநாள். தொகைகள் உதாரணத்துக்கு, உங்கள் எண்களை இதே இடங்களில் போட்டுக்கொள்ளலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்: மொத்தம் 20,000, அடிப்படை 12,000. பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் 150, தொழில் வரி மாதக் கணக்கில் 208 போக வங்கிக்கு 18,202. ஒரு பக்கம் 10 கிலோமீட்டர் பைக். பெட்ரோல், ஆயில், டயர், பிரேக் எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் என்றால் மாதம் 1,560. கேண்டீன் நாளுக்கு 20 வீதம் 520. நிற்பது 16,122. நேரம்: சாப்பாட்டு இடைவேளையோடு எட்டரை மணி, போக வரவும் கார்டு தேய்க்கவும் ஒரு மணி. நாளுக்கு 9.5, மாதம் 247 மணி. மணிக்கு 65 ரூபாய்.

ஸ்ரீசிட்டி: மேலே பார்த்த அதே 20,740. கம்பெனி பஸ் இலவசம். ஆனால் பிக்கப் பாயிண்ட் வரை வண்டியில் போய் நிறுத்த 390, கேண்டீன் 260. இ.எஸ்.ஐ. இல்லாததால் குடும்பத்துக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு, மாதப் பங்கு 1,000. நிற்பது 19,090. பஸ் ஒவ்வொரு பிக்கப்பாக நின்று போவதால் ஒரு பக்கம் ஒன்றேகால் மணியை நெருங்கும். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் காத்திருப்பு வேறு. நாளுக்கு 11.5, மாதம் 299 மணி. மணிக்கு 64 ரூபாய்.

சென்னை: மொத்தம் 27,000, அடிப்படை 15,000. பி.எஃப். 1,800, தொழில் வரி 208 போக 24,992. குழுக் காப்பீடு கம்பெனியே தருகிறது. ரயில் சீசன், ஸ்டேஷன் ஸ்டாண்டு, சென்ட்ரலிலிருந்து பஸ் என 1,700. வெளிச் சாப்பாடும் டீயும் நாளுக்கு 80 வீதம் 2,080. நிற்பது 21,212. அலுவலகத்தில் 9 மணி, போக வர 4 மணி. மாதம் 338 மணி. மணிக்கு 63 ரூபாய்க்குச் சற்றுக் கீழே.

கடிதத்தில் 7,000 ரூபாய் வித்தியாசம். தராசில் ஏறக்குறைய சமம். அதனால் சிப்காட்தான் சிறந்தது என்று அவசரப்படவும் கூடாது. அடுத்துப் பார்க்க வேண்டியது கூடுதல் மணிகளின் விலை. சிப்காட்டோடு ஒப்பிட்டால் சென்னை வேலை மாதம் 91 மணி நேரம் அதிகம் கேட்டு 5,090 ரூபாய் அதிகம் தருகிறது, அதாவது கூடுதல் மணிக்கு 56 ரூபாய். அந்த நேரத்தில் வீட்டோடு சேர்ந்த கடையோ மாடோ டியூஷனோ அதைவிட அதிகம் தருமா? கடன் தவணை கட்ட அந்த 5,090 இல்லாமல் முடியாதா? முடியாது என்றால் மணிக்கணக்கை ஒதுக்கிவிட்டு, மாதம் நிற்கும் தொகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குடும்பத்தின் கட்டாயச் செலவுக்குக் கீழே நிற்கும் வேலை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் ஆகாது.

சனிக்கிழமையைப் பலர் கேட்பதே இல்லை. அதே சென்னை வேலையில் மாதம் இரண்டு சனி விடுமுறை என்றால் 24 நாள், 312 மணி. சாப்பாட்டுச் செலவும் குறையும். மணிக்கு 68 ரூபாயைத் தாண்டி மூன்றிலும் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. நேர்காணலில் சம்பளத்துக்காகப் பேரம் பேசுவதோடு இதையும் கேளுங்கள்.

21,000 என்ற கோடு

இ.எஸ்.ஐ. வரம்பு 21,000. மொத்தச் சம்பளம் 20,900 உள்ள வேலைக்கும் 21,500 உள்ள வேலைக்கும் நடுவே வெறும் 600 ரூபாய் இல்லை, ஒரு குடும்பத்தின் மருத்துவச் செலவே இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் சிகிச்சை தவிர, நோய்வாய்ப்பட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீத ஊதியமும் உண்டு. கோட்டைத் தாண்டும் வேலை என்றால் குழுக் காப்பீடு இருக்கிறதா, எத்தனை லட்சம், பெற்றோரும் அதில் வருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணத்தால் ஒரு மாதம் 21,000ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. போய்விடாது, அந்த வரம்புக்கு ஓ.டி. சேராது. ஊதிய உயர்வால் இடையில் தாண்டினாலும் அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் (ஏப்ரல்-செப்டம்பர் அல்லது அக்டோபர்-மார்ச்) முடியும் வரை தொடரும்.

ஓ.டி.யும் கடைசி பஸ்ஸும்

வாரத்துக்கு 48 மணிக்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது சட்டம். எதன் இரட்டிப்பு என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. 22,500ஐ 26 நாள், 8 மணியால் வகுத்து இரட்டித்தால் மணிக்கு 216 ரூபாய். 30 நாளால் வகுத்தால் 187. அடிப்படை 13,000ஐ மட்டும் 26ஆல் வகுத்தால் 125. மாதம் 30 மணி ஓ.டி. என்றால் முதலாவதுக்கும் கடைசிக்கும் 2,700 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ‘ஓ.டி. நிறைய இருக்கு’ என்று ஏஜென்ட் சொன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஓ.டி. ஆர்டரைப் பொறுத்தது, மூன்று மாதம் இருக்கும், பிறகு ஒரேயடியாக நிற்கும் என்பதால் வீட்டுச் செலவை அதை நம்பி ஏற்றிவிட வேண்டாம்.

ஓ.டி.யோடு ஒட்டி வருவது பஸ். ஷிப்ட் முடிந்து இரண்டு மணி நேரம் நிற்பவர்களுக்கு வண்டி உண்டா? இல்லையென்றால் தடா வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ. சூலூர்பேட்டை வரை போய் வரும் மின்சார ரயில்கள் குறைவு. பல கும்மிடிப்பூண்டியோடு திரும்பிவிடும். காலை 6 மணி ஷிப்டையும் இரவு ஷிப்டையும் ரயிலை நம்பி ஒப்புக்கொள்வது பெரும்பாலும் சரிவராது. கால அட்டவணையில் முதல் வண்டியையும் கடைசி வண்டியையும் முதலில் பாருங்கள். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஒரு வண்டி தவறினால் அடுத்தது வரை எவ்வளவு நேரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு வேலைநாளில், ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கே போய் முடியும் நேரத்துக்கே திரும்பிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையும் திங்கள் காலை நெடுஞ்சாலையும் ஒன்றல்ல. பைக்கில் போவதானால் லாரிகள் நிற்கும் இடங்கள், இரவில் விளக்கில்லாத சர்வீஸ் சாலை, எதிர்த்திசையில் வரும் வண்டிகள் எல்லாம் அப்போதுதான் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் அதே தூரத்துக்கு அரை மணி கூடக் கொடுங்கள். தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் வெட்டும் கம்பெனியா, கம்பெனி பஸ்ஸே தாமதமானால் என்ன செய்வார்கள் என்பதும் கேட்க வேண்டியது. பெண்களுக்கு இரவு ஷிப்ட் என்றால் வண்டி வீட்டு வாசல் வரை வருமா, நெடுஞ்சாலை முனையோடு நின்றுவிடுமா என்பதைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

எல்லை தாண்டினால் மாறுபவை

குறைந்தபட்ச ஊதியம், தொழில் வரி, விடுமுறைப் பட்டியல் மூன்றும் வேலை செய்யும் மாநிலத்துடையவை. ஆந்திரத்தில் தொழில் வரி மாதாமாதம்: 15,000 வரை இல்லை, 20,000 வரை 150, அதற்கு மேல் 200. தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 1,250. அது மொத்தமாகப் பிடிக்கப்படும் மாதம் சம்பளம் குறைந்தது போல் தோன்றும். ஆந்திரப் பக்கம் பெட்ரோல் விலை கூடுதல் என்பதால் ஆரம்பாக்கத்துக்கு முன்பே டேங்கை நிரப்பிக்கொள்வது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் பழக்கம்.

உகாதிக்கு விடுமுறை இருக்கும்; சித்திரை ஒன்றுக்கு இருக்குமா என்பது கம்பெனியின் பட்டியலைப் பொறுத்தது. தேர்தல் நாளும் வேறு வேறாக வரலாம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19இலும் ஆந்திரம் மே 13இலும் வாக்களித்தன. உங்கள் தொகுதியில் வாக்குப்பதிவு நடக்கும் நாளில் சம்பளத்தோடு விடுப்பு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தொழிற்சாலை அடுத்த மாநிலத்தில் இருக்கிறது என்று மறுக்க முடியாது.

பி.எஃப். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் மாநிலம் மாறினாலும் மாறாது. பழைய யு.ஏ.என்.ஐயே (அந்த பி.எஃப். எண்ணையே) கொடுங்கள், புதிதாக ஒன்று போட விடாதீர்கள். இடையில் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்துப் பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுச் சேவையும் அறுந்துபோகும். இ.எஸ்.ஐ. பதிவின்போது மருந்தகத்தைத் தொழிற்சாலைக்கு அருகே போட்டுவிடுவார்கள். குடும்பத்துக்கு வீட்டுப் பக்கத்து மருந்தகம் வேண்டும் என்று அன்றே சொல்லிவிட வேண்டும்.

யார் பெயரில் கடிதம்?

இத்தனை கணக்கும் கடிதம் கம்பெனியின் பெயரில் இருந்தால்தான் செல்லும். நுழைவாயில் பலகையில் ஒரு பெயரும் கடிதத்தில் ஒரு மேன்பவர் ஏஜென்சியின் பெயரும் இருந்தால் நீங்கள் காண்ட்ராக்ட். பஸ், கேண்டீன் சலுகை, போனஸ் எல்லாம் உங்களுக்கும் உண்டா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘அப்ரெண்டிஸ்’ என்று இருந்தால் கிடைப்பது உதவித்தொகை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்காது, முடிந்ததும் வேலை தருவார்கள் என்ற உறுதியும் இல்லை. புதிதாக வெளிவரும் டிப்ளமோ பிள்ளைகளுக்கு ஓராண்டு அனுபவமாக அது நல்லதுதான். குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டியவருக்கு அல்ல.

அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்கும், வேலைக்கு முன்பணம் கேட்கும் ஏஜென்டுக்கும் இந்தக் கணக்கே போட வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள். மற்ற இடங்களில் ஷிப்ட் நேரம், வார விடுமுறை, ஓ.டி. கணக்கிடும் முறை, பஸ் வழித்தடம், பிக்கப் இடம் ஆகிய ஐந்தையும் எச்.ஆர்.ருக்கு மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பிக்கப் ஊர் கடிதத்தில் இருக்காது. ஆள் குறைந்தால் முதலில் ரத்தாவது ஓரத்து ஊர்களின் வழித்தடம்தான். அப்படி ரத்தானால் பயணப்படி தருவார்களா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.