வேர்டு பாரம் ஓவர்லே ஆகும்போது கோடு கோணுகிறதா?

பட்டர்வொர்த்தில் நான் வேலை செய்யும் சரக்கு அலுவலகத்தில், டெலிவரி ஆர்டர் பாரத்தை வேர்டில் போட்டு பிரிண்டருக்கு ஓவர்லேயாக ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. ஓவர்லே என்றால், பாரத்தின் கட்டமும் தலைப்பும் மேக்ரோவாக, அதாவது சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பாக, பிரிண்டரிலேயே உட்கார்ந்திருக்கும். பெயர், எடை, பெட்டிக் கணக்கு மட்டும் கணினியிலிருந்து போகும். திரையில் அழகாக இருந்த கட்டம் தாளில் ஒரு கோடு தடித்து, அடுத்தது மெலிந்து, மூலை ஒட்டாமல் வந்தது.

முதலில், மேக்ரோ தயாரிக்கும் அதே டிரைவரைக் (வேர்டு அனுப்புவதைப் பிரிண்டர் மொழியாக்கும் மென்பொருள்) கொண்டு வேர்டிலிருந்தே நேராக ஒரு தாள் அச்சிடுங்கள். அதிலும் கோடு கோணினால், அச்சுக் கோப்பை மேக்ரோவாக மாற்றும் கருவியைத் திட்டிப் பயனில்லை. கோளாறு பாரத்திலோ டிரைவரிலோ இருக்கிறது.

அடுத்து, வேர்டு ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஏ4, லெட்டர் தாளுக்கு ஏற்ப அளவை மாற்றும் டிக்கை எடுத்துவிடுங்கள். அச்சிடும் இடத்திலும் அளவு மாற்றம் வேண்டாம் என்று வையுங்கள்.

இனிதான் முக்கியமான கணக்கு. பிரிண்டர் அரைப் புள்ளி போடாது. அங்குலத்துக்கு 72 பாயின்ட். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஒரு புள்ளி 0.24 பாயின்ட். வரிசை உயரத்தை 0.6 சென்டிமீட்டர் என்று வைத்தால் அது 70 புள்ளிக்கும் 71-க்கும் நடுவில் விழும். பிரிண்டர் ஓரிடத்தில் இந்தப் பக்கம், இன்னோரிடத்தில் அந்தப் பக்கம் தள்ளிவிடும். அதனால் டேபிள் பிராப்பர்டீஸில் வரிசை உயரத்தை 'எக்ஸாக்ட்லி' ஆக்கி, 18 pt (பாயின்ட்) என்று அடியுங்கள். அந்த இடத்தில் அளவு சென்டிமீட்டரில் காட்டினாலும் வேர்டு ஏற்றுக்கொள்ளும். 18 பாயின்ட் சரியாக 75 புள்ளி. 12 பாயின்ட் 50. எப்போதும் 6-இன் மடங்காக வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை. கோட்டுத் தடிப்பு அரை பாயின்ட் போதும், 2 புள்ளி வரும். ஆனால் 240 புள்ளி பிரிண்டரில் அதே அரை பாயின்ட் 1.67 ஆகி, ஒன்றாகவும் இரண்டாகவும் மாறி மாறி விழும். புள்ளிக் கோடு, சாம்பல் நிழல் எல்லாம் ஓவர்லேக்கு வேண்டாத அலங்காரம்.

டிரைவர் பிசிஎல் 5 (பிசிஎல் என்பது பிரிண்டருக்குக் கட்டளை சொல்லும் மொழி) ஆக இருக்கட்டும். பிசிஎல் 6 வெளியீடு இந்த மேக்ரோவுக்குள் அடங்காது. கிராபிக்ஸை ராஸ்டராக (புள்ளிப் படமாக) அனுப்பாமல் வெக்டராக (கோடுகளாகவே) அனுப்பச் சொல்லுங்கள். ரெசல்யூஷன் (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது) கடைசியில் அச்சிடப்போகும் பிரிண்டருடையதாகவே இருக்கட்டும்.

மேக்ரோவாகப்போகும் அச்சுக் கோப்பிலிருந்து, பிரிண்டரை ஆரம்ப நிலைக்குத் திருப்பும் ரீசெட் கட்டளையையும் தாள் தள்ளும் கட்டளையையும் நீக்க வேண்டும். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அங்குலத்துக்கு 600 அலகு என்று சொல்லும் கட்டளையையும் சேர்த்து வெட்டிவிட்டேன். பிரிண்டர் தன் வழக்கப்படி 300 என்று எடுத்துக்கொண்டு, பாரத்தை இரண்டு மடங்காக்கித் தாளுக்கு வெளியே துரத்திவிட்டது. அந்தக் கட்டளை மேக்ரோவுக்குள்ளேயே முதலில் இருக்க வேண்டும்.

சரி, இப்போது அச்சிட்டுப் பாருங்கள். 18 பாயின்ட் வரிசை பத்தை ஸ்கேலில் அளந்தால் 63.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 60-ஐ ஒட்டி வந்தால், ஏ4 பாரம் எங்கோ லெட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. அந்த டிக்கை மறுபடி போய்ப் பாருங்கள்.