கிளவுட்: தறி நின்றால் ஸ்பேனர் எடுப்பது யார்?

ஆபீஸ் மூலையில் இருக்கிற சர்வரை வீட்டிலிருந்து போனில் திறந்து பார்ப்பதையும் நம்ம பக்கம் கிளவுட் என்கிறார்கள். அது கிளவுட் ஆகாதுங்க. அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2011-ல் தந்த வரையறை ஐந்து குணங்களைக் கேட்கிறது: கம்ப்யூட்டர் வசதியை யாரையும் கூப்பிடாமல் நாமே எடுத்துக்கொள்வது, நெட் வழியே கிடைப்பது, பலருக்கும் பொதுவான இருப்பு, சட்டென்று கூட்டிக் குறைப்பது, மீட்டர் போட்டு அளப்பது.

படி 1: அடுக்கைத் தேர்ந்தெடுங்கள்

எவ்வளவு வேலை நம்மிடம், எவ்வளவு கிளவுட் கம்பெனியிடம் என்பதைப் பொறுத்து கிளவுடில் மூன்று அடுக்கு. சோமனூர்த் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்டும் தறியும் உள்ள ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, ஓட்டுவது நாமே என்றால் ஐஏஏஎஸ், அதாவது வெறும் சர்வர் வாடகை (அமேசான் இசி2). பாவும் ஊடையும் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொன்னால் பிஏஏஎஸ், அதாவது நம்ம புரோகிராமை ஓட்டித் தரும் தளம் (கூகுள் ஆப் எஞ்சின்). நூல்தான் நம்ம புரோகிராம். கடையில் துணியாகவே வாங்கினால் எஸ்ஏஏஎஸ், அதாவது ரெடிமேட் சாஃப்ட்வேர் (ஜிமெயில்). ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு அப்டேட் போட ஆள் இல்லையா? முதல் அடுக்கு வேண்டாம். பாஸ்வேர்டும் டேட்டாவும் மட்டும் எந்த அடுக்கிலும் நம்ம பொறுப்பே.

படி 2: ஒரு சர்வர் எடுத்துப் பாருங்கள்

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் கணக்குத் திறந்ததும் முதல் வேலை, செலவு கூடினால் எச்சரிக்கும் பட்ஜெட் அலர்ட். அது மெயில்தான் அனுப்பும், செலவை நிறுத்தாது. பிறகு சர்வர் இருக்கும் இடமாக மும்பை ரீஜன், ஆப்பரேட்டிங் சிஸ்டமாக உபுண்டு, சர்வர் அளவாக டி3.மைக்ரோ (2 விசிபியு, 1 ஜிபி ரேம்) என்று தேர்ந்தெடுங்கள். சர்வருக்குள் நுழையச் சாவியான கீ ஃபைலை அப்போதே பத்திரப்படுத்துங்கள். மறுபடி டவுன்லோட் ஆகாது.

படி 3: கதவுகள்

சர்வருக்குள் வரும் கதவுகள்தான் போர்ட்டுகள்; எதை யாருக்குத் திறப்பது என்று சொல்வது ரூல். வெப்சைட்டுக்கான 80, 443 போர்ட்டுகளை எல்லோருக்கும் திறக்கலாம். நாம் உள்ளே நுழைந்து வேலை பார்க்கும் 22-ஐ 'மை ஐபி' (நம்ம நெட் இணைப்பின் முகவரி) என்று மட்டும் வையுங்கள். மறுநாள் உள்ளே போக முடியாமல் 'டைம்டு அவுட்' என்று வரலாம். கரண்ட் போய் ரவுட்டர் மறுபடி ஓடினால் பிராட்பேண்ட் ஐபி மாறியிருக்கும், அவ்வளவுதான். ஆத்திரத்தில் 22-ஐ ஊருக்கே திறந்துவிடுவதுதான் வழக்கமான தப்பு. ரூலில் புது ஐபியைப் போட்டால் போதும்.

படி 4: மூடுவது

'ஸ்டாப்' கொடுத்தாலும் டிஸ்க் வாடகை ஓடும். வேலை முடிந்தால் 'டெர்மினேட்'. சர்வருக்கு மாறாத முகவரியாக எலாஸ்டிக் ஐபி எடுத்திருந்தால் அது தானாகப் போகாது, மணிக்கு 0.005 டாலர், 30 நாளுக்கு 3.60 டாலர். தனியாக 'ரிலீஸ்' செய்யுங்கள்.