பால் பத்துதா, பத்தலையா? பச்சைக் குழந்தைக்கு என்ன பால் என்று முடிவெடுப்பது எப்படி

"ஏனம்மிணி, பால் பத்துதா?" பிரசவம் முடிந்து படுத்திருந்த என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது இதுதான். மூன்றாம் நாள் ராத்திரி பையன் விடாமல் அழுதான். "பத்தலை" என்று அமுச்சி (அம்மாவின் அம்மா) ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். விடிந்ததும் அப்பா கோபிச்செட்டிபாளையத்துக்குப் போய்ப் பால் பவுடர் டப்பா வாங்கி வந்துவிட்டார். பத்தியதா இல்லையா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கணக்கு ஒன்று இருக்கிறது என்பதே வீட்டுக்கு வந்த நர்ஸம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

படி 1: எட்டாம் மாதமே பேசிவிடுங்கள்

டாக்டரிடம் இரண்டு விஷயம். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட வேண்டும். சிசேரியன் ஆனாலும் முடிந்தவரை சீக்கிரம். நீங்கள் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர் என்றால், பால் கொடுக்கலாமா என்று இப்போதே கேளுங்கள்.

வீட்டில் பேச வேண்டியது சேனை, அதாவது பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பு தொட்டு வைக்கும் வழக்கம். சர்க்கரைத் தண்ணியும் வேண்டாம், தேனும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கும். ஒரு வயது வரை தேன் கூடாது. சேனை வைப்பவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் சண்டை போடாமல், சேனை வைக்க வந்த பெரியம்மாவைப் பிள்ளையை முதலில் மடியில் வாங்கிக்கொள்ளச் சொன்னோம். குணம் அந்த வழியாக வரட்டும்!

படி 2: சீம்பாலைக் கீழே விடாதீர்கள்

எருமை கன்று போட்டால் சீம்பாலைக் கறந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்பும் ஊர் நம்முடையது. பிள்ளை பெற்றவளிடம் மட்டும் "மஞ்சப்பாலைப் பீச்சி விட்டுரு" என்பார்கள். சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதல் நாள் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவுதான் கொள்ளும், அதற்கு அது போதும். பால் பெருகுவது பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்.

படி 3: வாயில் வைக்கும் விதம்

காம்பை மட்டும் கவ்வினால் உங்களுக்குப் புண், குழந்தைக்குப் பசி. குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். தலையைப் பின்னாலிருந்து அழுத்தாதீர்கள். மேல் உதட்டைக் காம்பால் தொட்டால் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும். அப்போது சட்டென்று அணையுங்கள். தாடை மார்பில் பட வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் வாய்க்குக் கீழே குறைவாகவும் மேலே அதிகமாகவும் தெரிய வேண்டும். வலித்தால் சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்து மறுபடி வையுங்கள். எனக்கு நாலு நாள் ஆயிற்று.

படி 4: எண்ணுங்கள்

இதுதான் அந்தக் கணக்கு. டயபர் வேண்டாம், பழைய வேட்டித் துணி போதும். ஈரம் தெரிய வேண்டும். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒவ்வொரு ஈரத்துணிக்கும் ஒரு கோடு. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையக் கூடாது. மலம் தார்போல் கருப்பில் தொடங்கி, பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக வேண்டும். நாள் ஒன்றுக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும்.

எடை முதல் சில நாள் குறையும். மூன்று கிலோ குழந்தை 200 கிராம் இறங்கினால் பதற வேண்டாம். 300 கிராமை நெருங்கினால் டாக்டர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வர வேண்டும்.

அழுகையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ராத்திரி அழுதால் மறுபடி மார்பில் போடுங்கள். சப்பச் சப்பத்தான் பால் ஊறும். டப்பா பாலைக் கொடுத்தால் சப்புவது குறையும், ஊறுவதும் குறையும்.

படி 5: இப்போது முடிவெடுங்கள்

கோடு சரியாக விழுந்தால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சித்திரை வெயிலிலும் தண்ணி வேண்டாம். பாலில் பெரும்பகுதி தண்ணிதான். டாக்டர் சொல்லும் வைட்டமின் டி சொட்டு மட்டும் விதிவிலக்கு.

கோடு குறைந்தாலோ, பால் குடிக்க எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ, உடம்பு மஞ்சளாகத் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. தாய்ப்பாலையே பீச்சிப் பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) புகட்டச் சொல்லலாம், பவுடர் பாலும் சேர்க்கச் சொல்லலாம். குறைமாதக் குழந்தை என்றால், கோயம்புத்தூர் அரசு மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கியே இருக்கிறது.

எனக்கு ஐந்தாம் நாள் ஏழு கோடு விழுந்தது. டப்பாவைப் பிரிக்கவே இல்லை. எங்க நங்கையாவுக்கு (அண்ணிக்கு) என்ன செய்தும் மூன்றைத் தாண்டவில்லை. இரண்டு பாலும் கொடுத்தார். அவர் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஊருக்குள் கூவி விற்கும் கழுதைப்பாலையும், ஒரு வயது வரை மாட்டுப்பாலையும் மட்டும் இந்த இடத்துக்குக் கொண்டு வராதீர்கள்.

படி 6: டப்பா பால் என்றால்

சிறுவாணித் தண்ணியே ஆனாலும் கொதிக்க வையுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆற விடாமல், சூடு இருக்கும்போதே தண்ணியை முதலில் அளந்து, பிறகு பவுடரைப் போடுங்கள். பவுடரிலும் கிருமி இருக்கலாம். கரண்டியைத் தலைதட்டி, டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படியே. டப்பா நாலு நாள் கூட வரட்டும் என்று நீர்க்கக் கலக்கினால் பிள்ளை இளைக்கும். மிதமாக ஆறிய பிறகு புகட்டுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலைவிடப் பாலாடை கழுவச் சுலபம்.

படி 7: வேலைக்குத் திரும்பும்போது

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர்கள் பீச்சி வைத்துவிட்டுப் போகலாம். அறையில் நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரைக்கும்தான். நம் ஊர் வெக்கைக்கு உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். கதவில் வேண்டாம், உள்ளே பின்பக்கம், நாலு நாள் வரை. தேதி எழுதி ஒட்டுங்கள். கொடுக்கும்போது அடுப்பில் ஏற்றாமல், சுடுதண்ணிப் பாத்திரத்தில் டம்ளரை வைத்தால் போதும் என்று பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.