ரிம் வாங்கும் முன்: சக்கரம் கட்டுபவர்கள் சறுக்கும் இடங்கள்

சைக்கிளுக்குத் தனியாகச் சக்கரம் கட்டிக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் ரிம்மில்தான் ஆரம்பிக்கிறார்கள். படம் பார்த்து, எடை பார்த்து, விலை பார்த்து ஆர்டர் போட்டுவிடுவார்கள். டயர், ஹப் (சக்கரத்தின் நடுக் குடம்), ஸ்போக்ஸ் கம்பி எல்லாம் அப்புறம். இந்த வரிசையே தலைகீழ். எந்த டயர் ஓட்டப்போகிறீர்கள், எந்த பிரேக், ஹப்பில் எத்தனை துளை, வண்டியில் எவ்வளவு கனம் ஏறும் என்ற நான்கும் முடிவாகிவிட்டால் எந்த ரிம் என்பதில் பெரிய குழப்பம் மிஞ்சாது. நான்கில் டயருக்குத்தான் முதல் இடம்.

முதலில் அளவு. ‘28 இன்ச் ரிம்’ என்று கேட்டு வாங்கினால் எது கையில் வரும் என்று சொல்லவே முடியாது. நம் ஊர் பழைய ராட் பிரேக் வண்டியின் 28 × 1½ டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. ஜெர்மன் டயரில் 28 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 622. அதே 622-ஐ ரோடு பைக்காரர்கள் 700சி என்பார்கள், மலை சைக்கிள்காரர்கள் 29 என்பார்கள். 26 இன்ச்சிலும் இதே கதைதான். மலை சைக்கிளின் 26 என்பது 559. 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருந்தால் 590. 622 டயரை 635 ரிம்மில் ஏற்ற எந்த லீவராலும் முடியாது, அதனால் அதில் ஆபத்து இல்லை. 635 டயர் 622 ரிம்மில் சுலபமாக ஏறிவிடும், காற்று அடித்தால் கழன்று வெடிக்கும். இன்ச் கணக்கை மறந்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் 32-622, 40-635 என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். முதல் எண் மி.மீ.யில் டயரின் அகலம், அடுத்தது உட்காரும் விட்டம். ரிம் ஸ்டிக்கரில் 622×19 என்பதுபோல இருக்கும். அதில் 19 என்பது உள் அகலம்.

அந்த உள் அகலத்தில்தான் அடுத்த ஏமாற்றம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பல நேரம் வெளி அகலம். வெலாசிட்டி நிறுவனத்தின் ஏ23 ரிம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலுள்ள 23 வெளி அகலம், உள் அகலம் 18 மி.மீ.தான். டயரின் வடிவத்தை முடிவு செய்வது உள் அகலம். அது ஒரு மி.மீ. கூடினால் டயர் ஏறக்குறைய 0.4 மி.மீ. விரியும் என்பது பொதுவான கணக்கு. 32 என்று போட்ட டயரை 25 உள் அகல ரிம்மில் மாட்டினால் 34-ஐத் தாண்டலாம். புதுச் சக்கரத்தை மாட்டிய பிறகு டயர் பின் ஃபோர்க்கில் உரசுகிறது என்று வந்து நிற்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். 28 மி.மீ. டயருக்கு 19 முதல் 21 வரை, 35-லிருந்து 40 வரையிலான டயருக்கு 21 முதல் 25 வரை வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது. எப்படியும் அந்த ரிம் கம்பெனி தரும் டயர் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஹுக்லெஸ் ரிம், அதாவது டயர் விளிம்பைப் பிடிக்கும் உள் கொக்கி இல்லாத ரிம், இப்போது கார்பனில் நிறைய வருகிறது. ரோடு பைக்குக்கு வாங்குகிறவர்கள் இரண்டு நிபந்தனைகளைக் கவனிப்பதில்லை. டயர் ட்யூப்லெஸ் ரகமாக, ஹுக்லெஸ் ரிம்முக்கு ஏற்றது என்று டயர் கம்பெனியே சொன்னதாக இருக்க வேண்டும். காற்று 5 பாருக்கு மேல், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது. பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ‘கல்லு மாதிரி’ காற்றடித்துப் பழகிய ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட் விழுந்தபோது டயர் ரிம்மை விட்டுக் கழன்று தொங்கியது. சாலையில் கிடந்த ஏதோ பட்டு ரிம் உடைந்ததுதான் காரணம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். ஆனால் 25 உள் அகல ரிம்மில் 28 டயரைப் போடலாமா என்ற விவாதம் அன்றிலிருந்து சூடு பிடித்தது. என் கருத்து: மெலிந்த டயர் ஓட்டும் கனமான ஆள் கொக்கி உள்ள ரிம்மையே வாங்கலாம். சில கிராம் கூடும், அவ்வளவுதான்.

பிரேக் விஷயத்தில் பிசகு நடப்பது டிஸ்க் ரிம்மை ரிம் பிரேக் வண்டிக்கு வாங்கும்போது. டிஸ்க் ரிம்மில் பிரேக் கட்டை பிடிப்பதற்கான தட்டையான பட்டை இருக்காது. பெயிண்ட் உரியும், சுவர் தேயும், மழையில் பிடிக்காது. மறுபுறமாக, ரிம் பிரேக் ரிம்மை டிஸ்க் ஹப்பில் கட்டினால் ஒரு பிரச்சினையும் இல்லை. ரிம் பிரேக்தான் என்றால் தேய்மானக் குறி, அதாவது பட்டையில் ஒரு கோடோ சின்னப் புள்ளிக் குழியோ, இருக்கும் ரிம்மாகப் பாருங்கள். அது மறைந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது என்று பொருள். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் தொட முடியாத சூடாகும். கார்பன் கிளிஞ்சர் ரிம்மில் (டயரின் விளிம்பு ரிம்முக்குள் மாட்டும் வழக்கமான வகை) ரிம் பிரேக் வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட மலையில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கம்பி எண்ணிக்கைக்கு வருவோம். 36 துளை ஹப்புக்கு 36 துளை ரிம்தான். இதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் தள்ளுபடியில் கிடைத்த 32 துளை ரிம்மோடு வந்து நிற்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய தவறு, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கணக்குப் போடுவது. உடம்புக் கனத்தில் பெரும்பங்கு பின் சக்கரத்தில்தான் விழுகிறது. பழைய ராட் பிரேக் வண்டிகளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி வைத்தார்கள். நெல் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு அது சரியான யோசனை. நீங்கள் மூட்டை ஏற்ற மாட்டீர்கள், சரி. ஆனால் 90 கிலோ ஆள், பின்னால் கேரியர் பை, வழியெல்லாம் வேகத்தடை என்றால் பின் சக்கரத்துக்கு 24 துளை லேசான ரிம் வேண்டாம். 32 அல்லது 36 துளை, இரட்டைச் சுவர் (குறுக்கே இரண்டு அடுக்கு உள்ள ரிம்), 500 கிராமைத் தாண்டினாலும் பரவாயில்லை. ரிம்மில் 50 கிராம் மிச்சம் பிடித்து ஏற்றத்தில் மிச்சமாகும் நேரம் நொடிக் கணக்கு. கோட்டம் எடுக்கக் கடை கடையாக அலையும் நேரம் அப்படி இல்லை.

பின் சக்கரத்தில் இன்னொன்று. கேசட், அதாவது பின் பல்சக்கர அடுக்கு, இடம் பிடித்துக்கொள்வதால் வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும். வலப்பக்கம் 120 கிலோ இழுவை இருந்தால் இடப்பக்கம் 60 சொச்சம்தான் இருக்கும். தளர்ந்த இடப்பக்க நிப்பிள்கள், அதாவது கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன மரைகள், ஓட ஓடக் கழன்று, சக்கரம் கோணும். துளைகள் நடுவிலிருந்து இரண்டு மூன்று மி.மீ. தள்ளியிருக்கும் ஆஃப்செட் ரிம் இதைக் கணிசமாகக் குறைக்கும். பின்னால் துளைகள் இடப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். முன் சக்கரம் டிஸ்க் என்றால் வலப்பக்கம் பார்த்து. மாற்றிக் கோர்த்துவிட்டால் சாதா ரிம்மைவிட மோசம்.

அதிகப் பணம் வீணாவது இ.ஆர்.டி. (எஃபெக்டிவ் ரிம் டயமீட்டர்) என்கிற எண்ணில். கம்பியின் நுனி நிப்பிளுக்குள் முடியும் இடத்தில், ரிம்மின் குறுக்கே அளக்கும் விட்டம் அது. கம்பி நீளம் இதை வைத்துத்தான் வருகிறது. இணையத்தில் கிடைத்த எண்ணை அப்படியே கால்குலேட்டரில் போட்டுக் கம்பி வாங்கிவிடுகிறார்கள். சில கம்பெனிகள் நிப்பிள் உட்காரும் இடம் வரை அளக்கின்றன, சில கம்பி முடியும் இடம் வரை. இரண்டுக்கும் நடுவே சில மி.மீ. வித்தியாசம். இ.ஆர்.டி.யில் 4 மி.மீ. பிசகினால் கம்பியில் 2 மி.மீ. பிசகும். கம்பி குட்டையானால் நிப்பிளின் தலை கழுத்தோடு முறியும். நீளமானால் மரை தீர்ந்து இறுக்க முடியாமல் நிற்கும். ஒற்றைச் சுவர் ரிம்மில் நுனி வெளியே வந்து ட்யூபையும் குத்தும்.

கையில் அளந்துவிடுவது பத்து நிமிட வேலை. இரண்டு பழைய கம்பிகளை எடுத்து, வளைந்த தலையை வெட்டிவிட்டு, மரை முனையிலிருந்து சரியாக 250 மி.மீ. வருமாறு நறுக்கிக்கொள்ளுங்கள். கம்பி நுனி நிப்பிளின் ஸ்க்ரூடிரைவர் வெட்டின் அடியோடு சமமாக வரும்வரை நிப்பிளைத் திருகிப் பசை போட்டு நிறுத்துங்கள். 32 துளை ரிம் என்றால் முதல் துளையிலும் பதினேழாவது துளையிலும் விட்டு, இரண்டையும் நடுவை நோக்கி இறுக இழுத்து, வெட்டிய முனைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அளங்கள். இடைவெளி 98 என்றால் இ.ஆர்.டி. 598. ரிம்மைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் இதையே செய்து சராசரி எடுங்கள். இடத்துக்கு இடம் 2 மி.மீ.க்கு மேல் மாறினால் ரிம்மே வட்டமாக இல்லை. கட்டுவதற்கு முன்பே திருப்பி அனுப்பலாம். அதனால்தான் ரிம் கைக்கு வந்து அளந்த பிறகே கம்பி ஆர்டர் போடச் சொல்கிறேன்.

வால்வ் துளையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெலிந்த பிரெஸ்டா வால்வுக்கு 6.5 மி.மீ., பைக் ட்யூபில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடருக்கு 8.5. நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் அலுமினிய நிப்பிள் அரிப்பேறி இறுகிக்கொள்ளும், திருகினால் நொறுங்கும். கார்பன் ரிம்மில் இன்னும் சீக்கிரம்.

பழைய ரிம் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்க்காமல், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் ஒன்று இருந்தாலும் வேண்டாம். ஹப்பும் கம்பியும் நன்றாக இருந்து ரிம் மட்டும் தேய்ந்துபோயிருந்தால், துளை எண்ணிக்கை ஒன்றாகவும் இ.ஆர்.டி. ஒரு மி.மீ.க்குள்ளும் வரும் புது ரிம்மைத் தேடுங்கள். கிடைத்தால் பழைய ரிம்மோடு ஒட்டினாற்போல டேப் போட்டுக் கட்டிவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகப் புது ரிம்முக்கு மாற்றிவிடலாம். புதுக் கம்பிக்கான செலவும் மிச்சம், கோர்க்கும் வரிசை தப்பிப்போகும் கவலையும் இல்லை.