நாலெழுத்து எஸ்எம்எஸ்ஸில் எட்டான கதை

எங்கள் தொண்டு நிறுவனத்தின் கண் முகாம் அழைப்பைத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினோம். பட்டியலில் மூன்றில் ஒரு பங்குக்குப் போனதும், முன்பே வாங்கி வைத்த எஸ்எம்எஸ் கிரெடிட் காலி. ஒரே எண் பலமுறை இருக்கிறதோ என்று இரண்டு நாள் பட்டியலைச் சலித்தேன், இல்லை. அனுப்பும் நிறுவனத்தோடு சண்டை போட்டேன், கணக்கு சரியென்றார்கள். சரிதான்.

ஆங்கில எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடமுண்டு. தமிழ் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்குமான குறிமுறை) என்பதால் 70தான். அதைத் தாண்டினால் பகுதிக்கு 67. அதிலும் கொம்பு, புள்ளி, கால் எல்லாம் தனித்தனி. 'சிகிச்சை' நமக்கு நாலெழுத்து, அதற்கு எட்டு! நான் கண்ணால் எண்ணியிருந்தேன். எங்கள் அழைப்பை எக்செலில் போட்டு, எழுத்தெண்ணும் லென் சூத்திரத்தால் எண்ணினால் 141, அதாவது மூன்று எஸ்எம்எஸ்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. தன்னார்வலர் ஒருவரின் கோப்பிலிருந்து ஒட்டிய 'கொ'வில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருந்தன. பார்க்க ஒன்றுபோல, எண்ணிக்கையில் ஒன்று கூடுதல். அந்தச் சொற்களை அழித்துப் புதிதாகத் தட்டினேன். 'இலவச', 'அனைவரும் வருக' எல்லாம் போயின. 66இல் நின்றது.

ஒரு சொல் மாறினாலும், மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ்களைப் பதியும் டிஎல்டி தளத்தில் டெம்ப்ளேட்டை, அதாவது செய்தியின் வாசகத்தை, மறுபடி பதிய வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு நாள். முகாமுக்கு முந்தின இரவு மிச்சப் பேருக்கும் போய்ச் சேர்ந்தது, அப்பாடா.