மீட்டர் இல்லாத பம்ப்செட்டை அளப்பது எப்படி: கள ஆய்வுக்குப் போகும் மாணவர்களுக்கு

தமிழ்நாட்டில் விவசாயத்துக்குக் கரண்ட் 1990 முதல் இலவசம். பெரும்பாலான பம்ப்செட்டுகளில் மீட்டர் கிடையாது. அதனால் மின்கொள்கை பற்றிய ஆய்வில் பலர் மோட்டார் தகட்டில் உள்ள எச்.பி.யை (குதிரைத்திறனை) 0.746 ஆல் பெருக்கிக் கிலோவாட்டாக்கி, அதையே மின்சாரச் செலவாக எழுதிவிடுகிறார்கள். அது மோட்டார் தண்டு தரும் சக்தி, மோட்டார் இழுக்கும் மின்சக்தி அல்ல. காயில் மாற்றிக் கட்டிய மோட்டாரில் தகட்டை நம்பவே முடியாது.

எடுத்துப் போக வேண்டியவை: டாங் டெஸ்டர் (வயரைச் சுற்றி மாட்டி ஆம்பியர் அளக்கும் கருவி), 200 லிட்டர் டிரம், ஸ்டாப்வாட்ச், எடை கட்டிய கயிறு, அளவு நாடா. கூடவே ஒரு வயர்மேன் வேண்டும். ஈரக்காலோடு நீங்களே ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்காதீர்கள்.

முதலில் விவசாயியிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: இது படிப்புக்கான அளவு, பில் போட அல்ல, பெயரும் இணைப்பு எண்ணும் வெளியே போகாது. மீட்டர் என்ற சொல்லே இங்கே பயம் தரும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, மதியுங்கள்.

மோட்டாரைப் போட்டு 20 நிமிடம் விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் இறங்கி நிலைத்த பிறகே அளக்க வேண்டும். டாங் டெஸ்டரை ஒரு பேஸ் வயரில் மட்டும் மாட்டுங்கள். மூன்று வயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். நீர்மூழ்கி மோட்டாரின் பட்டைக் கேபிளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும். வயர்கள் பிரிந்திருக்கும் பியூஸ் கட்டைப் பக்கம் போய் அளங்கள். ஒரு 5 எச்.பி. மோட்டாரில் மூன்று பேஸின் சராசரி 8.2 ஆம்பியர், பேஸுக்கு பேஸ் 390 வோல்ட் என்றால்:

1.732 × 390 × 8.2 × 0.85 = சுமார் 4,700 வாட்.

0.85 என்பது மோட்டாரின் பவர் ஃபேக்டருக்கான உத்தேசம்; வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையில் வாட்டாகும் பங்கு அது. கெப்பாசிட்டர் இருந்தால் மோட்டார் பக்கம் அளங்கள்; மெயின் பக்கம் அளந்தால் இந்த எண் பொருந்தாது. இரண்டு பேஸில் ஓட்டுபவரிடம் இந்தச் சூத்திரமே செல்லாது. அதைத் தனியாகக் குறியுங்கள். இந்த 5 எச்.பி. மோட்டாருக்குத் தகட்டுக் கணக்கு 3,730 வாட்தான். அளந்து வந்த 4,700 வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு விட்டுப்போகிறது.

அடுத்து தண்ணீர். டிரம் 40 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 5 லிட்டர். ஓடும்போதுள்ள நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய் வரை 30 மீட்டர் என்றால், 5 × 9.81 (புவியீர்ப்பு) × 30 = சுமார் 1,470 வாட். இழுத்த 4,700இல் தண்ணீர் ஏற்றத்துக்குப் போனது 31 சதவீதமே. எந்தக் கிணற்றில் பம்பை மாற்றினால் பலன் என்பதை இந்த எண்தான் சொல்லும்.

கடினமானது ஓடும் நேரம். "தினமும் எத்தனை மணி" என்று கேட்டால் கரண்ட் விடும் நேரத்தைத்தான் சொல்வார்கள். "இந்த வயல் ஒரு தடவை பாய எவ்வளவு நேரம், எத்தனை நாளுக்கு ஒரு தண்ணி" என்று கேளுங்கள். ஓடும் நேரம் கால்வாயைப் பொறுத்தும் மாறும்: மதுரைப் பக்கம் பெரியாறு கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம், மேலூர்ப் பக்கம் ஒருபோகம். கால்வாயில் தண்ணீர் வரும் மாதம் மோட்டார் ஓய்ந்துவிடும். ஒரே கிணற்றைக் கால்வாய்த் தண்ணீர் ஓடும்போது ஒருமுறை, கோடையில் ஒருமுறை அளந்து, தாளில் தேதியோடு "கால்வாய்த் தண்ணீர் உண்டு" அல்லது "இல்லை" என்றும் எழுதுங்கள்.