வீட்டுத் திரையரங்கு: ஸ்பீக்கர்களைச் சுவரில் பதிப்பதா, கூரையில் பதிப்பதா?

வீட்டில் ஓர் அறையைத் திரையரங்காக மாற்ற நினைப்பவர்கள், தரையில் பெட்டிகள் நிற்கக் கூடாது என்று முடிவெடுத்தவுடன், ஸ்பீக்கர்களைச் சுவரில் பதிப்பதா கூரையில் பதிப்பதா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் இதை ஃபால்ஸ் சீலிங் வேலை செய்பவரிடமே கேட்கிறோம். ஜிப்சம் பலகையில் வட்டமாகத் துளை போடுவது அவருக்கு எளிது என்பதால் ஐந்து ஸ்பீக்கர்களும் மேலே போய்விடுகின்றன. என் அண்ணன் வீட்டில் அப்படித்தான் நடந்தது. திரையில் உதடு அசைய, குரல் மட்டும் கூரையிலிருந்து வந்தது. கடைசியில் பலகையைப் பிரித்து வேலையை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

எனவே, எந்த ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த சுருதிகளுக்கென ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 அமைப்பில் வசனங்களில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில் வருகிறது. இசையும் திரையில் நிகழும் ஓசைகளும் அதன் இடப்புறமும் வலப்புறமும் உள்ள இரண்டில் பரவுகின்றன. இந்த மூன்றும் திரையோடு ஒட்டியிருந்தால்தான் கண்ணும் காதும் ஒரே இடத்தைப் பார்க்கும். ஒன்பது அடி உயரக் கூரையில், திரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு ஸ்பீக்கரைப் பதித்து, அதே சுவரிலிருந்து பத்தடி தொலைவில் சோபாவில் அமர்ந்தால், அந்த ஒலி காது மட்டத்துக்கு ஏறக்குறைய 35 டிகிரி மேலிருந்து வரும். இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் எந்த ஏவி ரிசீவரின் அமைப்பும் முழுமையாகச் சரிசெய்யாது. முன் மூன்று ஸ்பீக்கர்களைக் கூரைக்கு அனுப்பக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அவற்றின் இடத்தை நாடாவால் அளந்துகொள்ளலாம். அமர்ந்தவரின் காது தரையிலிருந்து மூன்றரை முதல் நான்கடி உயரத்தில் இருக்கும். ஸ்பீக்கரில் உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும் சிறு பகுதியான ட்வீட்டர்களும் முடிந்தவரை அதே மட்டத்தில் இருக்கட்டும். இருக்கையிலிருந்து பார்க்கும்போது இட, வல ஸ்பீக்கர்கள் திரையின் நடுவிலிருந்து 22 முதல் 30 டிகிரி விலகி இருக்க வேண்டும். பத்தடி தொலைவில் இது பக்கத்துக்கு நான்கடியிலிருந்து ஆறடிக்குச் சற்றுக் குறைவு வரை ஆகும்.

நம் ஊரில் சிக்கல் தொடங்குவது இதற்குப் பிறகுதான். சுவரில் பதிக்கும் பெரும்பாலான இன்-வால் ஸ்பீக்கர்கள் அமெரிக்க வீடுகளில் இருப்பது போன்ற சுவரை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. அங்கே 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டங்களை நிறுத்தி இருபுறமும் ஜிப்சம் பலகை அறைவதால், நடுவில் மூன்றரை அங்குல ஆழத்துக்கு வெற்றிடம் கிடைக்கிறது. நம் வீடுகளிலோ ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரும் இருக்கின்றன. நாலரை அங்குலச் சுவரில் நான்கு அங்குல ஆழத்துக்குக் குடைந்தால் மறுபுறம் பூச்சு மட்டுமே மிஞ்சும்; பக்கத்து அறையில் உறங்குபவருக்குப் படம் முழுவதும் கேட்கும். தூண், உத்தரம், கான்கிரீட் தளம் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் குடையக் கூடாது. உள்ளே இருக்கும் கம்பியில்தான் வீடு நிற்கிறது.

சுவரைத் தொடாமல், அதற்கு முன்னால் ஐந்தாறு அங்குல ஆழத்தில் ஒரு பொய்ச்சுவர் எழுப்புவதே எனக்குச் சரியாகப்படும் வழி. உறுதியான சட்டம், முகப்பில் 18 மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளே ஒலியை உறிஞ்சும் ராக்வூல் பஞ்சு என்று அமைத்தால், நடுவில் டிவியோ திரையோ, அதை ஒட்டி மூன்று ஸ்பீக்கர்களும் ஒரே முகப்பில் அமைந்துவிடும். சுவரை விட்டு ஓரிரு அடி தள்ளி நிற்கும் பெட்டி ஸ்பீக்கரில், பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேரடி ஒலியோடு மோதிச் சில தாழ்ந்த சுருதிகளை நலியச் செய்யும்; முகப்போடு சமமாகப் பதித்தவற்றில் இந்தத் தொல்லை இல்லை. பொய்ச்சுவருக்கு இடமோ பணமோ இல்லையென்றால், முன் மூன்றும் பெட்டி ஸ்பீக்கர்களாகவே இருக்கட்டும்.

கூரைக்கென்றே உரிய வேலை ஒன்று உண்டு, அது டால்பி அட்மாஸ். 2012-இல் திரையரங்குகளுக்கும் 2014-இல் வீடுகளுக்கும் வந்த இந்த முறையில், மழையும் ஹெலிகாப்டரும் உண்மையாகவே தலைக்கு மேலிருந்து கேட்க வேண்டும். மேலே இரண்டு மட்டும் வைப்பதானால் இருக்கைக்கு நேர்மேலே அல்லது சற்று முன்னே வையுங்கள். நான்கு வைப்பதானால், காது மட்டத்திலிருந்து கூரை எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் தள்ளி வைத்தால் 45 டிகிரி கிடைக்கும். ஒன்பது அடிக் கூரையில் அது ஐந்தரை அடி.

5.1-இல் மீதமுள்ள இரண்டான பக்கவாட்டுச் சரவுண்ட் ஸ்பீக்கர்களில் மட்டும் விட்டுக்கொடுக்கலாம். இருக்கைக்குச் சற்றுப் பின்னே, திரையின் நடுவிலிருந்து 110 முதல் 120 டிகிரியில் அவை அமைய வேண்டிய இடத்தில் பல வீடுகளில் கதவோ ஜன்னலோ இருக்கும். அட்மாஸ் வேண்டாம் என்பவர்கள் அந்த இரண்டையும், ட்வீட்டரைத் திருப்பக்கூடிய வகையாகத் தேர்ந்தெடுத்துக் கூரையில் பதிக்கலாம். அட்மாஸ் வேண்டுமானால் இது உதவாது. சரவுண்டும் மேலேயே இருந்தால் கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் வேறுபாடு தெரியாது.

வாங்கும்போது துளையின் அளவையும் ஆழத்தையும் கேட்டு, ஃபால்ஸ் சீலிங்குக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே எத்தனை அங்குலம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் மூடிய பெட்டியோடு வருவதை வாங்குவது நல்லது. திறந்த ஸ்பீக்கரின் ஒலி பலகைக்கு மேலுள்ள வெளியெங்கும் பரவும், பல்லியும் தூசியும் உள்ளே புகும். ஃபால்ஸ் சீலிங்கே இல்லாத வீட்டில் கூரையில் பதிப்பதை மறந்துவிட்டு, சுவரின் மேல்விளிம்பில் சாய்த்து மாட்டும் சிறிய பெட்டிகளை வாங்குங்கள். எங்கே பதித்தாலும் சப்வூஃபர் தரையில்தான் நிற்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதனிடம் விட்டுவிட்டால் மற்றவை இலகுவாக இயங்கும்.

ஒயர்களைப் பூச்சு வேலைக்கு முன்பே மின்சார ஒயர்களிலிருந்து விலக்கித் தனிக் குழாயில் இழுத்துவிட வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பதினைந்து மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் போதும். அதற்கு மேல் 2.5 எடுங்கள். பலகையை மூடுவதற்கு முன் எல்லா ஸ்பீக்கர்களையும் இணைத்து, தாழ்ந்த சுருதி மிகுந்த பாட்டொன்றை உரக்க ஒலிக்கவிட்டு, சட்டமோ விளக்கோ எங்காவது அதிர்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். அதிரும் இடத்தில் கூடுதலாக ஒரு திருகு போட அதுதான் கடைசி வாய்ப்பு.